பல்லுக்குப் போட்ட பொடி

1979 ஜூன் 11, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். நங்கையா எருமைகளைக் கறந்து, பாலை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், துவைக்கிற கல்லருகே, நாங்கள் மூன்று பேரும் பல் விளக்க உட்கார்ந்தோம். வெயில் கொட்டகைக் கூரைக்கு வருமுன் எழுந்து, குளித்து, களியும் மோருமாகச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

நங்கையா என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கணவரின் அக்காவை. பெயர் பாவாயி. கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். மூன்றாமவள் என் கொழுந்தனார் மனைவி நல்லம்மாள். அவளுக்குப் பக்கத்து வீடு. நான் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. படிக்கிற காலத்திலிருந்து டைரி எழுதும் பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் இருக்கும் இந்த நாட்களில், அந்த டைரியைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். என்னைப் போன்றவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பல் விளக்கியது மூக்குப்பொடியால். கடையில் காய்ந்த வாழைமட்டையில் மடித்து விற்பார்களே, அதுதான். ஆண்கள் மூக்கில் போடுவார்கள். பெண்கள் ஈறில் தேய்ப்போம். நங்கையா மட்டையைப் பிரித்து ஆளுக்கொரு சிட்டிகை உள்ளங்கையில் வைப்பார். விரலால் தொட்டு ஈறில் தேய்த்து, மிச்சத்தைக் கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்கிக்கொள்வோம். எச்சில் ஊறும். தாடையைச் சற்று உயர்த்திக்கொண்டு பேசுவோம். நாள் முழுவதிலும் நாங்கள் மூவரும் கையில் வேலையில்லாமல் உட்காருவது அந்த நேரம் ஒன்றுதான். எந்த எருமை சினை, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், மோட்டார் ஏன் ஓடவில்லை, எல்லாப் பேச்சும் அங்கேதான் நடக்கும். என் முதல் பிரசவத்துக்கு முன் கடைவாய்ப் பல் வலித்தபோது நங்கையாதான் முதல் சிட்டிகையைக் கொடுத்தார். வலி நின்றது. அன்றிலிருந்து அது என் பல்பொடி.

பள்ளியில் சுகாதாரப் பாடம் நானே நடத்துவேன். கரியால் தேய்க்காதே, செங்கல்தூள் வேண்டாம் என்று குழந்தைகளிடம் சொல்வேன். என் காலைப்பொடி அந்தப் பாடத்தில் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

அன்று குழந்தைகளின் பல்லைப் பார்க்கச் சேலத்திலிருந்து பல் டாக்டர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். மெலிந்த பெண், உரத்த குரல். கண்ணாடி பொருத்திய கரண்டியை அவர் எடுத்ததும் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டன. ஒரு சிறுமி தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். முதலில் டீச்சர் வாயைத் திறந்து காட்டினால்தான் இதுகள் நம்பும் என்றார் டாக்டரம்மா. நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தார். கீழுதட்டை விரலால் இழுத்தவர், அப்படியே இருந்தார். பஞ்சு எடுத்துத் துடைத்தார். இன்னொரு பஞ்சு எடுத்து மறுபடி துடைத்தார்.

காரம் பட்டால் எரிகிறதா என்று கேட்டார். பொங்கலிலிருந்து எரிகிறது என்றேன். வெற்றிலை போடுவீர்களா என்றார். விசேஷத்துக்கு மட்டும் என்றேன். புகையிலை? இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் புகையிலை என்றால் ஆண்கள் வெற்றிலையோடு சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கும் இலை. அதை நான் தொட்டதில்லை.

குழந்தைகள் எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு, ஜீப்பில் ஏறுமுன் என்னைத் தனியே அழைத்தார். கீழுதட்டின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று சொல்லி, வியாழக்கிழமை சேலம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். “வலிக்கலைன்னு இருந்துடாதீங்க டீச்சர்,” என்றார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் கேட்டதும் அதுதான், வலிக்கிறதா என்று. இல்லை என்றேன். வலிக்காததற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்றார். கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவது மாடு முட்டினாலோ பிரசவம் தடைப்பட்டாலோதான். நங்கையா உள்சூடு என்றார். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுத்தார். குடித்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் பொடி போட்டேன்.

வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். கன்னம் வீங்கியவர்கள், வாயில் துணியை அழுத்திக்கொண்டிருந்தவர்கள், அழுகிற குழந்தைகள். எங்களுக்கு எதிரே ஒருவர் முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு இருந்தார். அவர் மனைவி துண்டை லேசாக விலக்கி, டம்ளரிலிருந்து கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. ஒரு வாடை வந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஜலகண்டாபுரம், தறிக்காரர் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு எங்கே என்று கேட்டாள். உதட்டைத் தொட்டுக் காட்டி, வெள்ளையாக இருக்கிறதாம் என்றேன்.

“எங்கூட்டுக்காரருக்கும் மொதல்ல அப்படித்தானுங்க இருந்துச்சு. வலி ஒண்ணும் இல்லீன்னு உட்டுட்டோமுங்க,” என்றாள்.

என் கணவர் எழுந்து தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

டாக்டரம்மா இரண்டு விஷயங்களை விளக்கினார். முதலாவது, அந்தத் திட்டின் பெயர் லூகோபிளேக்கியா. துடைத்தாலும் போகாத வெள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். அது புற்றுநோய் இல்லை. சிலருக்கு அப்படியே கிடக்கும், சிலருக்குத் தானாகவே மறைந்துவிடும், சிலருக்குப் புற்றாக மாறும். பார்வையால் சொல்ல முடியாது. அதனால் இரண்டாவது விஷயம், பயாப்ஸி. ஊசி போட்டு மரக்கச் செய்து, நெல்மணி அளவு சதையை வெட்டி எடுத்து, மெல்லிய சீவலாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. துண்டு மதராசுக்குப் போய் வர வேண்டும். அன்றே எடுத்தார். தையல் போட்டார். வலி பெரிதாக இல்லை. ஊசியின் மரப்பு தீர்ந்த பிறகு பஸ்ஸில் ஆட்டையாம்பட்டிப் பிரிவு தாண்டும்போது உதட்டில் துடிப்பு ஆரம்பித்தது.

முடிவு வரும்வரை என்ன செய்தேன் என்று டைரியில் இருக்கிறது. பள்ளிக்குப் போனேன். பெருக்கல் வாய்பாடு எழுதிப் போட்டேன். இடைவேளையில் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலருகே போய் உதட்டைத் தாழ்த்திப் பார்த்தேன். திருச்செங்கோட்டில் கட்டிக் கொடுத்திருந்த மகளுக்குச் சொல்லவில்லை. காலையில் பொடி போட்டேன்; கீழே தையல் இருந்ததால் மேலுதட்டில் அடக்கினேன். பயம் கூடிய நாட்களில் இரண்டாவது சிட்டிகை கேட்டு வாங்கியிருக்கிறேன். தலை சற்றுத் தெளிந்தது போல இருக்கும்.

அறிக்கையில் டிஸ்பிளேசியா என்று இருந்தது. தோலின் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும். அந்த அடுக்குக் குலைந்து, செல்களின் அளவும் வடிவும் மாறத் தொடங்கியிருந்தால் அதற்கு அந்தப் பெயர். மணியடித்ததும் வரிசை கலைகிற வகுப்பு என் நினைவுக்கு வந்தது. ஆனால் குழந்தைகள் அடுத்த மணிக்குத் திரும்பி வந்துவிடும். இவை திரும்புமா என்று கேட்டேன். திரும்பலாம், மேலே போகவும் செய்யலாம், அதனால் திட்டை முழுவதும் எடுத்துவிடுவோம் என்றார். எனக்கு ரத்தமும் குறைவாக இருந்தது. ஜூலை 2 அன்று வார்டில் சேர்த்தார்கள். புதன்கிழமை திட்டை எடுத்தார்கள்.

கூட இருந்தவர் நங்கையா. கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டார். எனக்குத் தலை சீவினார், விசிறினார், துணி துவைத்தார். வார்டு ஆயா தண்ணீர் கொண்டுவரத் தாமதித்தால், அவளுடைய ஊர் எது, குலம் எது என்று விசாரித்து, கடைசியில் ஏதோ ஒரு வழியில் உறவு கண்டுபிடித்து, தண்ணீரையும் வாங்கிவிடுவார். என் கணவர் தினமும் பஸ்ஸில் கஞ்சி கொண்டுவந்தார். அதுவரை அடுப்படிக்குள் வராத மனிதர். நல்லம்மாள் கொடுத்தனுப்புகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கஞ்சி கட்டிகட்டியாக இருந்தது. நங்கையா அதைக் கலக்கிப் பார்த்துவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“நீயா காச்சுன?”

“உப்பு பத்துதான்னு கேளுக்கா,” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

ஒரு வாரம் ஆகியும் புண் சரியாக ஆறவில்லை. டாக்டரம்மா தினமும் பார்த்தார். ஓரம் சிவந்தே இருந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்தை மாற்றினார். சர்க்கரை பார்க்கச் சொன்னார், இல்லை. ஓரிடத்தில் மறுபடி வெள்ளை கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று உடன்வந்த இளம் டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. புகையிலை உண்டா என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். தரையில் உட்கார்ந்திருந்த நங்கையா, எங்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று சற்றுக் கோபமாகவே சொன்னார்.

அந்த நாட்களில் எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. எடுத்த இடத்தைத் தாண்டி அது போய்விட்டதா? தாழ்வாரத்தில் துண்டால் முகத்தை மூடியிருந்தவரை நினைத்தேன். என் கணவர் ஸ்பூனால் கஞ்சி ஊற்றுவதாகவும், அது வழிவதாகவும் நினைத்துப் பார்த்தேன். இனி வகுப்பில் வாயைத் திறந்து பேச முடியுமா என்றும் நினைத்தேன்.

ஒருநாள் டாக்டரம்மா வெளியூர் போக வேண்டியிருந்ததால், வழக்கமான நேரத்துக்கு முன்பே வார்டுக்கு வந்தார். நான் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் எச்சில் பேசின். நங்கையா வாழைமட்டையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா அது?”

“பல்பொடிங்க சாமி. பல்லு வெளக்காம எப்படிங்க கஞ்சி குடிக்கறது? புண்ணு மேல படாமத்தான் வெக்கறனுங்க. மேல்வாய்ல மட்டும்.”

டாக்டரம்மா மட்டையை வாங்கி முகர்ந்தார். தும்மினார். அடுத்தடுத்துத் தும்மினார். நூறு வயசு என்று நங்கையா வாழ்த்தினார்.

“இது மூக்குப்பொடி.”

“ஆமாங்க. பல்லுக்குப் போடறது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், புகையிலை போடுவீங்களான்னு எத்தனை தடவை கேட்டேன்?”

“புகையிலை போடமாட்டேங்க,” என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

“இது எதுல செய்யறாங்க?”

மூக்குப்பொடி எதிலிருந்து செய்யப்படுகிறது என்று வகுப்பில் ஒரு குழந்தை கேட்டிருந்தால், புகையிலையிலிருந்து என்று உடனே சொல்லியிருப்பேன். அந்தப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் நங்கையா என் உள்ளங்கையில் வைத்ததும் அதுவும் ஒன்றுதான் என்று இத்தனை வருடங்களில் ஒரு நிமிடம்கூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. பேசினைக் கீழே வைத்தேன்.

அவர் திட்டவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்தார். தான் கேட்ட கேள்விதான் சரியில்லை என்றார். காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போகிறது, வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். அப்போதே அடுத்த கட்டிலில் தாடை வீங்கிப் படுத்திருந்த ராசிபுரத்து அம்மாளிடம் அப்படிக் கேட்டார். அந்த அம்மாள் தண்ணீர் என்றாள், பிறகு பொடி என்றாள், பிறகு காப்பி என்றாள். அவளுடைய சீட்டிலும் புகையிலை இல்லை என்றே எழுதியிருந்தது.

நங்கையா மட்டையை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். சாயங்காலம் என் கணவர் வந்ததும், “நல்லதுன்னுதான் வெச்சுக் குடுத்தேன், தம்பி,” என்றார். ஒரு தடவைதான் சொன்னார்.

பொடியை நிறுத்திய முதல் நாட்களைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தலைவலி. மலச்சிக்கல். தூக்கம் வராது. ஓர் இடத்தில் உட்கார முடியாது. கஞ்சியில் உப்பு அதிகம் என்று என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் கலந்து கொண்டுவந்தார். விரல் தானாகவே உதட்டுக்குப் போகும். பொடியில் இருக்கும் நிகோடின் என்ற பொருளுக்கு உடம்பு பழகிவிட்டதால் அதைக் கேட்கிறது, சில வாரங்கள் கேட்டுவிட்டு அடங்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். புண் ஆறத் தொடங்கியது. ஓரத்துச் சிவப்பு மங்கியது. அதைப் பார்த்த பிறகு தலைவலியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் அவர் கவலை வேறாக இருந்தது. வார்டில் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சில நாட்களிலேயே திரும்பத் தொடங்குகிறார்கள் என்றார். சத்தியம் செய்துவிட்டுப் போனவர்களும் அப்படித்தான். அதனால் என்னிடம் சத்தியம் கேட்கவில்லை. எங்கே உட்காருவீர்கள், யார் யார், யார் மட்டையை எடுப்பது, எவ்வளவு நேரம், என்ன பேசுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, நங்கையா இடையில் புகுந்து திருத்தினார்.

கிணற்றடியில் தனியாகப் பல் விளக்கிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா முதலில் சொன்னார்.

“அப்ப அம்மிணி எங்ககூட உக்காராதுங்களா?” என்றார் நங்கையா.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரி, அது வேண்டாம் என்றார். அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருங்கள், கையில் இருப்பதை மட்டும் மாற்றுவோம் என்றார். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்கி வார்டிலேயே பழகினேன். வாய் நிறைய நுரை, பேச முடியவில்லை. நங்கையா ஏதோ கேட்டால் தலையை ஆட்டத்தான் முடிந்தது. அதோடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகு அங்கே உட்கார்ந்து கையை என்ன செய்வது? இதைச் சொன்னபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை; யோசித்தார். வேலங்குச்சி என்றால் மென்றுகொண்டே பேசலாம், நேரமும் எடுக்கும் என்றேன். ஆறின பிறகு, நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கி, புண் இருந்த பக்கம் படாமல் என்றால் சரி, ராத்திரி படுக்கும்போது பிரஷ் என்று முடிவானது. வாரம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் வாயைப் பார்க்கும் முறையையும் கற்றுக்கொடுத்தார்: கீழுதட்டை இழுத்து, மேலுதட்டைத் தூக்கி, இரண்டு கன்னங்களின் உட்புறம், நாக்கைத் தூக்கி அதன் அடி. வெள்ளையோ சிவப்போ புதிதாக இருந்தால் அன்றே வர வேண்டும்.

பிறகு நங்கையாவிடம் சொன்னார். “பொடியை எடுத்துக் கையில வைக்கிறது நீங்கதானேம்மா? இனி டீச்சர் கையில வைக்காம இருக்கறது உங்க வேலை. அவங்களை நம்பி விடாதீங்க.”

நங்கையா தலையசைத்தார். உங்கள் வாயையும் ஒருமுறை பார்க்கட்டுமா என்று டாக்டரம்மா கேட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டார். பார்க்க விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இருக்கறது நாலு பல்லுங்க. அதுக்கும் கண்ணு வெக்காதீங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்த முதல் காலை எனக்குப் பரீட்சை போல இருந்தது. வேலங்குச்சியோடு போய் உட்கார்ந்தேன். டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வெள்ளாடு மாதிரி குச்சி மெல்லப் பழகிவிட்டாள் என்று நல்லம்மாள் கேலி செய்தாள். மட்டை பிரியும் சத்தம் கேட்டதும், அதன் வாசனை வந்ததும், வாயில் எச்சில் ஊறியது. நங்கையா மட்டையைத் தனக்கு மறுபக்கம் வைத்துக்கொண்டு, எனக்கு எட்டாதபடி முழங்காலால் மறைத்தார். தான் மட்டும் போட்டுக்கொண்டார். அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது?

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் தழும்பின்மேல் நாக்கு பட்டபோது சொரசொரவென்று இருந்தது. முந்தின நாள் அப்படி இல்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் போதவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போனேன். ஓர் எருமை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓட, நங்கையா அதன் பின்னால் போயிருந்தார். மட்டை கல்லின்மேல் திறந்து கிடந்தது. பயத்துக்கு என் கை அதைத்தான் மருந்தாக அறிந்திருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. சிட்டிகை என் உள்ளங்கையில் இருந்தது.

நங்கையா திரும்பி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, கையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, விரல் இடுக்குகளைக்கூட விடாமல் கழுவினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“எனக்குக் குடுத்த வேலை இது ஒண்ணுதான் அம்மிணி. இதையுங் கெடுத்துப்போடாத,” என்றார்.

பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தனக்கொரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சொரசொரப்பு நான்கைந்து நாளில் போய்விட்டது. ஆனாலும் அக்டோபர் 8 அன்று சேலத்தில் அதைச் சொன்னேன். சொன்னது நல்லது என்று டாக்டரம்மா தழும்பின் ஓரத்திலிருந்து மறுபடி ஒரு துண்டு எடுத்தார். மறுபடி மதராஸ். மறுபடி காத்திருப்பு. முதல் தடவையைவிட இது கடினமாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும். பயந்த நேரங்களில் போடுவதற்கும் எதுவும் இல்லை. குச்சியை மென்றுகொண்டு, முடிந்த பிறகும் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லம்மாள் ஒருநாள் என் குச்சிக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று கடித்தாள். கசக்கிறது என்று துப்பினாள். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒன்றை உருவினாள்.

அக்டோபர் 18, வியாழக்கிழமை முடிவு வந்தது. தழும்புத் திசு மட்டும். மாறிய செல்கள் எதுவும் இல்லை. டாக்டரம்மா அந்தக் காகிதத்தை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். இத்தோடு முடிந்தது என்று எழுதிவைக்காதீர்கள் என்றும் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். முதல் வருடத்தில்தான் பலர் பழையபடி பொடிக்குப் போகிறார்கள். வீட்டில் அந்த மட்டை இருக்கிற வரைக்கும் தனக்குப் பயம்தான் என்றார். எனக்கும்தான் என்றேன். வெளியே வந்ததும் என் கணவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை முன் நின்று, ஆறு இட்லி வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் நங்கையா முழுவதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். சந்தோஷப்பட்டார். எருமைப்பாலில் பாயசம் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் என்னருகே வந்து நின்றார்.

“மொதல்ல அது எப்படி இருந்துச்சு? தொட்டுப் பாத்தா கைக்கு?”

பாலாடை காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி, சுருக்கம் சுருக்கமாக, வலியில்லாமல் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசல் தெளிக்க எழுந்தவளை நங்கையா கொட்டகைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். எருமைகள் கறக்காமல் நின்றிருந்தன. அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். கல்லின்மேல் மட்டை இல்லை.

“வெளிச்சம் வரட்டும்னு இருந்தேன். பாத்ததைப் பாத்தபடி சொல்லு,” என்றார். கீழுதட்டைத் தானே இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான துணியை விரலில் சுற்றி, கற்றுக்கொடுத்த வரிசையிலேயே பார்த்தேன். முதலில் கீழுதடு. மற்ற இடங்களைப் பார்க்குமுன் அங்கே இரண்டு தடவை துடைத்துப் பார்த்தேன். பிறகு மேலுதடு, கன்னங்கள், நாக்கின் அடி. முடித்துவிட்டுச் சொன்னேன். கீழே வெள்ளை இருக்கிறது, எனக்கு இருந்ததைவிட அகலம், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, மற்ற இடமெல்லாம் சுத்தம். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

“வலிக்கல,” என்றார்.

“தெரியுமுங்க நங்கையா.”

அவர் உதட்டை விட்டார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நல்லம்மாளை எழுப்பி எருமைகளைக் கறக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் சேலம் போகும் முதல் பஸ்ஸுக்கு ரோட்டுக்கு நடந்தோம்.